மெத்தென அமுங்கும் பிரேக்கு: காரணமும் பரிகாரமும்

திருச்சிராப்பள்ளியினின்றும் திருவரங்கம் செல்வோர் காவிரிப் பாலத்தைக் கடந்து மாம்பழச்சாலையை அடைவர். ஒரு நாள் மாலை அவ்வழியே என் தாய்மாமன் ஓட்டிய பழைய காரில் யானும் சென்றேன். பாலத்தினின்று இறங்கிச் சந்தியை அணுகுங்கால், சைக்கிளேறிய சிறுவனொருவன் திடுமெனக் குறுக்கிட்டான். மாமன் பிரேக்கை மிதித்தார். நனைந்த பஞ்சுமூட்டையை மிதித்தாற்போல மிதிகட்டை மெத்தெனத் தாழ்ந்ததேயன்றி, வண்டி நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் விரைந்து மிதித்த பின்னரே நின்றது. சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே எஞ்சியது ஒரு முழமே.

"பத்து நாளாக இப்படித்தான்; இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்" என்றார் மாமன். இச்சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஆதலின், இரண்டாம் மிதிக்கு வேண்டிய காலம் எப்பொழுதும் வாய்ப்பதன்று.

காரின் பிரேக்கு திரவ அழுத்தத்தால் இயங்குவது. அடைபட்ட திரவத்தின்மேல் ஓரிடத்திற் செலுத்தும் அழுத்தம் குறையாது எத்திசையும் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. அதனை விளக்கும் அவர் நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் வெளிவந்தது. இவ்விதியைக் கொண்டு நான்கு சக்கரங்களையும் தடுக்கும் பிரேக்கு, 1921-இல் அமெரிக்க நாட்டுத் தூசன்பர்க் காரில் அமைந்தது. நாம் மிதிக்குங்கால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக்கு ஆயிலைத் தள்ளுகின்றது. அவ்வழுத்தம் குழாய் வழியே சக்கரங்களை அடைந்து, பிரேக்கு ஷூவை டிரம்மின் மேலும், பேடை டிஸ்கின் மேலும் அழுத்துகின்றது.

இஃது இனிது நடைபெறுதற்குக் காரணம், திரவம் எளிதில் சுருங்காமையே. காற்றோ சுருங்கும். நீர் நிறைந்த சீசாவின் தக்கையை அழுத்தினால் அஃது இறங்காது. காற்றடைத்த சைக்கிள் டியூபை அழுத்தினால் அமுங்கும். குழாயினுள் சிறிது காற்றுப் புகுந்திடினும், நம் காலின் உழைப்பு சக்கரத்தைப் பிடிப்பதிற் செல்லாது அக்காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். அடுத்தடுத்து மிதிக்குங்கால் மேலும் ஆயில் குழாயினுட் சென்று காற்றை நெருக்குவதால் மிதி கெட்டிப்படுகின்றது. அது குணமன்று, குணம்போலத் தோன்றும் மயக்கமே.

இனி, குறையைக் கண்டறியும் வகை கூறுவாம். மிதி மெத்தென்றிருந்து, பலமுறை மிதித்தபின் கெட்டிப்படுமாயின், காற்றுப் புகுந்துளதென ஐயுறுக. அழுத்திய காலை எடாதிருக்கவும் மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமாயின், எங்கேனும் கசிவுண்டு. வெளியில் ஈரங் காணாவிடின் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயுள்ள ரப்பர் தேய்ந்திருத்தல் கூடும். ஒருவர் மிதிக்க மற்றொருவர் நோக்குங்கால் ரப்பர்க் குழாய் புடைக்குமாயின் அதனை மாற்றுதல் வேண்டும். காலையில் நன்றாயிருந்து, நெடுநேரம் பிரேக்குப் பிடித்தபின் மட்டும் மிதி தளருமாயின், ஆயிலில் நீர் கலந்துளது எனலாம். பிரேக்கு ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்குங்கால் 205 பாகை செல்சியசு வரையிலேனும் கொதியாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 140 பாகையாகக் குறையும். கொதித்தெழும் ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இறங்குவோர்க்கு இதன் கொடுமை சொல்லாமலே விளங்கும்.

காற்றை நீக்கும் முறை எளிதே. ஆயில் கலத்தை நிரப்பி, பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவர். அவ்வண்டிக்குரிய கையேடு கூறும் வரிசையே கொள்ளத்தக்கது. சக்கரத்தின் நிப்பிளிற் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகி, அதன் மறுநுனியைப் புது ஆயிலுள்ள சீசாவில் அமிழ்த்துக. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடுக. குமிழிகள் அறவே ஒழியுமளவும் இங்ஙனஞ் செய்க. இடையே கலம் வற்றின் மீண்டும் காற்றுப் புகும். வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் உப்பிக் கெடும். பூட்டா நிலைத்தடையாகிய ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் சிலவற்றிற்குத் தனிக்கருவி வேண்டும். பழக்கமில்லாதார் தாமே துணியாது மெக்கானிக்கை நாடுதல் நலம்.

ஆயினும் காற்றெடுத்தல் மட்டும் போதாது. மாமனின் வண்டிக்கு முன்னரே ஒரு பட்டறையிற் காற்றெடுத்து அனுப்பியிருந்தனர். சின்னாளில் குறை மீண்டது. பிறிதொரு பட்டறையின் முதிய மெக்கானிக் மிதியைத் தொடுமுன் நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்தார். இடப்பக்கத்துப் பின்சக்கரத்தின் உட்புறத்தே ஈரங் கண்டு டிரம்மைக் கழற்றினார். சக்கரச் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து ஆயில் கசிய, கலத்தில் மட்டம் குறைந்து காற்றுப் புகுந்தமை வெளிப்பட்டது. சிலிண்டரையும், ஆயிலில் நனைந்த ஷூக்களையும் மாற்றிய பின்னரே அவர் காற்றெடுத்தார். "காற்றுத் தானாக வராது தம்பி, அது நுழைந்த வாசலை முதலில் அடை" என்று அவர் கூறியது என் நெஞ்சில் நின்றது.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவஞ் செய்க என்பது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் காட்டும் நெறி. வகுப்பறையில் யான் பயின்ற அந்நெறியைப் பட்டறைத் தரையில் எண்ணெய்க் கையினராய் நின்ற ஒருவரிடம் கண்கூடாகக் கண்டேன். அன்பர்களே, நும் வண்டியின் மிதி ஒருமுறை மெத்தென்றால் மறுமுறை மிதித்து அமைதி கொள்ளாதீர். அன்றே வண்டியை நிறுத்திக் காரணம் தேடுமின். அச்சிறுவன் ஒரு முழ இடைவெளியிற் பிழைத்தான். அடுத்தவனுக்கு அம்முழம் இருக்குமென்று யார் உறுதி கூறவல்லார்?