தாய்ப்பாலூட்டலின் தொடக்க இடர்ப்பாடுகள்

தாய்ப்பாலூட்டலின் தொடக்க இடர்ப்பாடுகள் என்பன, குழந்தை பிறந்தது முதல் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை பால் கொடுப்பதில் தாய்க்கும், குடிப்பதில் பச்சிளங்குழந்தைக்கும் ஏற்படும் சிக்கல்களைக் குறிக்கும். முலைக்காம்பில் வலியும் புண்ணும், மார்பில் பால் கட்டிக்கொள்ளுதல், குழந்தை மார்பைப் பற்றாமை, பால் போதவில்லை என்னும் அச்சம் ஆகியன இவற்றுள் பரவலாகக் காணப்படுபவை ஆகும்.

பாலூட்டல் இயற்கையான செயல் என்பதால் அது தானாகவே கைவந்துவிடும் என்று கருதப்படுவதுண்டு. உறிஞ்சும் அனிச்சைச் செயலுடன் குழந்தை பிறப்பது உண்மையே. எனினும் மார்பைச் சரியாகப் பற்றுவதைக் குழந்தையும், குழந்தையைச் சரியாக ஏந்துவதைத் தாயும் பழகிக்கொள்ள வேண்டியுள்ளது. இவ்விடர்களுள் பெரும்பாலானவை குழந்தை மார்பைப் பற்றும் விதத்தாலோ, போதிய தடவை பால் வெளியேறாததாலோ உண்டாவதால் அவை சரிசெய்யத்தக்கவை. வேறு சில உடனடி மருத்துவம் தேவைப்படுபவை. இவ்விரண்டையும் பிரித்தறியாததால், ஒருபுறம் தேவையின்றிப் பாலூட்டல் நிறுத்தப்படுகின்றது. மறுபுறம், உண்மையாகவே பால் கிடைக்காத குழந்தை கவனிக்கப்படாமல் நீரிழப்புக்கு உள்ளாகின்றது.

பால் சுரக்கும் முறை

கருவுற்றிருக்கும்போதே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடும். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் இயக்குநீர், பால் பெருமளவில் சுரப்பதைத் தடுத்து வைத்திருக்கும். மகப்பேற்றின்போது நஞ்சுக்கொடி வெளியேறியதும் இத்தடை நீங்குகின்றது. அதன் பின்னர் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் பாலின் அளவு விரைந்து கூடும். முதல் மகப்பேறு, அறுவை மகப்பேறு, மிகுந்த குருதியிழப்பு, நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றால் இது தாமதமாகலாம். நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கிவிட்டாலும் தாமதம் ஏற்படும்.

தொடர்ந்து பால் சுரப்பதற்கு இரண்டு இயக்குநீர்கள் காரணமாகின்றன. புரோலாக்டின் பாலை உருவாக்குகின்றது. ஆக்சிடோசின், பால் உருவாகும் சிற்றறைகளைச் சுற்றியுள்ள தசையிழைகளைச் சுருங்கச் செய்து பாலைக் குழாய்களுக்குள் தள்ளுகின்றது. குழந்தை உறிஞ்சும்போது எழும் நரம்புத் தூண்டலே இரண்டையும் சுரக்க வைக்கின்றது. வலி, பதற்றம் ஆகியன ஆக்சிடோசினைத் தற்காலிகமாகத் தடுக்கக் கூடியவை. புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால், தொடக்க நாட்களில் இரவுப் பாலூட்டலைத் தவிர்ப்பது சுரப்பைக் குறைக்கும்.

மார்பு, நிரப்பி வைத்துத் தீரத்தீரக் காலியாகும் தொட்டி அன்று. எவ்வளவு பால் வெளியேறுகின்றதோ அதற்கேற்பவே அடுத்த பால் உருவாகின்றது. பால் வெளியேறாமல் தேங்கினால், பாலில் உள்ள ஒரு கூறே மேலும் சுரப்பதைக் குறைத்துவிடும்.

முதல் நாட்களில் பாலின் அளவு

"பால் வரவில்லை" என்ற கவலை பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களில் எழுகின்றது. முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு தடவைக்கு 2 முதல் 10 மில்லி லீட்டர் அளவே குடிக்கும். இரண்டாம் நாளில் இது 5 முதல் 15, மூன்றாம் நாளில் 15 முதல் 30, நான்காம் நாளில் 30 முதல் 60 மில்லி லீட்டர் என்றவாறு உயர்கின்றது. தேக்கரண்டிக் கணக்கில் வரும் சீம்பாலைப் புட்டிப்பாலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு அது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. அதன் மஞ்சள் நிறத்தைக் கண்டு கெட்ட பால் என்று பீய்ச்சி வெளியேற்றுவது தவறு.

இந்நாட்களில் குழந்தையின் எடை சிறிது குறைவதும் இயல்பே. பிறப்பெடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் கட்டாயம் ஆராய வேண்டும். 7 விழுக்காட்டைத் தாண்டும்போதே பாலூட்டும் முறையைக் கவனிப்பது நன்று. பெரும்பாலான குழந்தைகள் 10 முதல் 14 நாட்களில் பிறப்பெடையை மீண்டும் அடைந்துவிடும்.

பால் போதுமானதா என்பதை அழுகையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஈரமாகும் துணிகளே நல்ல அளவுகோல். முதல் நாளில் ஒரு தடவை, இரண்டாம் நாளில் இரண்டு தடவை என்று சிறுநீர் கழிப்பது கூடி, ஐந்தாம் அல்லது ஆறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கரிய நிற முதல் மலம் பச்சையாகி, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பாலூட்டுவது வழக்கமான அளவு. மாலை வேளைகளில் குழந்தை மணிக்கு ஒருமுறை பால் கேட்பது, பால் வற்றியதன் அடையாளம் அன்று.

மார்பைப் பற்றுதல்

குழந்தை காம்பை மட்டும் பற்றாமல், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியையும் சேர்த்து வாய்க்குள் எடுக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருத்தல், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தல், முகவாய் மார்பைத் தொட்டிருத்தல், கருவட்டம் கீழுதட்டுப் பக்கத்தை விட மேலுதட்டுப் பக்கம் கூடுதலாகத் தெரிதல் ஆகியன சரியான பற்றுதலின் அறிகுறிகள். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில், தாயை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். தலையை மட்டும் திருப்பிக் குடிப்பது பெரியவர்களுக்கே கடினம். தாய் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டு செல்லாமல், குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும்.

கருவட்டத்தின் அடியில் பால் தேங்கும் பைகள் இருப்பதாகவும், குழந்தை அவற்றைப் பிதுக்கிப் பால் குடிப்பதாகவும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. 1840 இல் ஆஸ்ட்லி கூப்பர் வெளியிட்ட படங்களே இதற்கு அடிப்படை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மீயொலி அலகீடு மூலம் பாலூட்டும் மார்பை ஆராய்ந்து, அத்தகைய பைகள் இல்லை என 2005 இல் தெரிவித்தனர். பின்வந்த ஆய்வுகளின்படி, குழந்தையின் நாக்கு கீழிறங்கும்போது வாயில் உண்டாகும் வெற்றிடமே பால் பாய்வதற்கு முதன்மைக் காரணம். பற்றுதல் தளர்வாக இருந்தால் வெற்றிடம் உடைந்து, காற்றுச் சேரும் ஓசை கேட்கும், பால் சிறிதே வரும், காம்பு நசுங்கும்.

காம்புப் புண்

முதல் சில நாட்களில், குழந்தை பற்றத் தொடங்கும் சில வினாடிகளுக்கு வலி இருக்கலாம். பாலூட்டும் நேரம் முழுவதும் நீடிக்கும் வலியும் வெடிப்பும் பற்றுதல் தவறு என்பதையே காட்டும். அப்போது குழந்தையின் வாயோரத்தில் தூய விரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, மீண்டும் பற்ற வைக்க வேண்டும். அப்படியே இழுத்தால் புண் பெரிதாகும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதுதான் தாய்மை என்னும் அறிவுரை தாய்க்கு எவ்வகையிலும் உதவாது. புண்ணை வளர்க்கவே செய்யும். பற்றுதலைத் திருத்தியும் வலி குறையாவிட்டால், குழந்தையின் நாக்கு அடிப்புறத்தில் இறுக ஒட்டியுள்ளதா என்பதையும், பூஞ்சைத் தொற்று உள்ளதா என்பதையும் மருத்துவர் பார்ப்பார்.

காம்பு உட்குழிந்திருப்பது பாலூட்ட முடியாது என்பதற்கு அடையாளம் அன்று. இதற்கான எளிய முறை ஒன்றைக் கர்நாடக மாநிலம் தாவணகெரெயைச் சேர்ந்த நிர்மலா கேசரி முதலான மருத்துவர்கள் 1993 இல் வெளியிட்டனர். ஊசி பொருத்தப்படாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சின் நுனிப்பகுதியை அறுத்து நீக்கி, அறுத்த பக்கத்திலிருந்து உந்துதண்டைச் செருக வேண்டும். வழவழப்பாக உள்ள மறுபக்கத்தைக் காம்பின் மீது வைத்து, வலிக்காத அளவுக்கு மெல்ல இழுத்தால் காம்பு வெளிவரும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அவ்வாறு வைத்திருந்து, பின்னர் குழந்தைக்குக் கொடுக்கலாம். விலை மலிந்த கருவி என்பதால் இம்முறை வேறு நாடுகளுக்கும் பரவியது.

பால் கட்டுதலும் மார்பழற்சியும்

பால் பெருகும் மூன்றாம், நான்காம் நாட்களில் மார்பு கனத்து இறுகிவிடலாம். குருதியும் நிணநீரும் சேர்ந்து வீங்குவதும் இதற்குக் காரணம். கருவட்டம் இறுகிவிட்டால் குழந்தையால் பற்ற முடியாது. எனவே சிறிது பாலைக் கையால் பீய்ச்சி, அல்லது கருவட்டத்தைச் சுற்றி விரல்களால் மென்மையாக அழுத்தி வீக்கத்தைப் பின்தள்ளிய பின் பாலூட்ட வேண்டும்.

கட்டியை அழுத்தித் தேய்த்து உடைக்க வேண்டும், சூடு ஒற்ற வேண்டும், மார்பை முற்றிலும் காலியாக்க வேண்டும் என்பன முன்னர் கூறப்பட்ட அறிவுரைகள். பாலூட்டல் மருத்துவக் கழகம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இவற்றை மாற்றியுள்ளது. அழுத்தித் தேய்ப்பது திசுக்களைக் காயப்படுத்தி வீக்கத்தைக் கூட்டும். அளவுக்கு மீறிப் பீய்ச்சினால் சுரப்பு மேலும் பெருகும். குளிர் ஒத்தடமும், குழந்தையின் தேவைக்கேற்ற வழக்கமான பாலூட்டலும், மருத்துவர் கூறும் வலிநீக்கியுமே இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. மார்பு சிவந்து காய்ச்சல் கண்டு, 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து தேவைப்படலாம். அப்போதும் பாலூட்டலைத் தொடரலாம். திடீரென நிறுத்துவதே நிலையை மோசமாக்கும்.

மேற்பால் கொடுத்தல்

குழந்தை அழும்போதெல்லாம் புட்டிப்பால் கொடுத்தால் அது மார்பில் உறிஞ்சும் நேரம் குறையும்; சுரப்பும் குறையும்; மேலும் புட்டிப்பால் தேவைப்படும். இச்சுழலே "எனக்குப் பால் இல்லை" என்ற முடிவில் பல தாய்மாரைக் கொண்டுசேர்க்கின்றது. ஆயினும், மார்பில் பால் சுரக்கும் திசு குறைவாக இருத்தல், மார்பில் முன்னர் நடந்த அறுவை, மகப்பேற்றில் கடும் குருதியிழப்பால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுதல் போன்றவற்றால் சிலருக்கு உண்மையாகவே பால் போதாது. அவர்கள் குழந்தைக்கு மேற்பால் தேவை. அதைத் தாயின் தோல்வியாகப் பேசுவதும் மறுப்பதும் குழந்தைக்கே கேடு.

மேற்பாலாகத் தாயே பீய்ச்சிய பால் முதலில் தரப்படும்; அது கிடைக்காதபோது பால் வங்கியின் பால் அல்லது மருத்துவர் கூறும் செயற்கைப் பால் தரப்படும். இந்தியாவின் முதல் பால் வங்கி 1989 இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தமிழர் வீடுகளில் வழங்கும் பாலாடை, குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்ட இந்திய மருத்துவமனைகளில் பயன்படுகின்றது. கழுவிக் கொதிநீரில் இட்டெடுத்த பாலாடையைச் சற்று நிமிர்த்திப் பிடித்த குழந்தையின் உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சிறிதாகச் சாய்க்க வேண்டும். மல்லாந்த குழந்தையின் வாயில் ஊற்றினால் புரையேறும்.

வீட்டு வழக்கங்கள்

பிறந்தவுடன் சேனை தொட்டு வைத்தல் என்னும் பெயரில் சர்க்கரை நீரோ தேனோ தருவது தமிழகத்தில் பழைய வழக்கம். ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தரலாகாது. அதிலுள்ள நுண்ணுயிரி வித்துகள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோயை உண்டாக்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குக் கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது பிழை. தாகத்துக்கேற்பப் பருக வேண்டும். பூண்டும் பால்சுறாவும் நல்ல உணவுகளே, ஆயினும் குழந்தை உறிஞ்சாமல் அவற்றால் மட்டும் பால் பெருகாது. இரவில் தாய் பாலூட்டிய பின் குழந்தையை வாங்கித் தோளில் இட்டு உறங்க வைக்கும் கணவரோ பாட்டியோ செய்யும் உதவி இவற்றை விடப் பெரிது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

பால் குடிக்க எழுப்பியும் எழாமல் உறங்குதல், முதல் இரண்டு நாட்களுக்குப் பின் ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமை, வாய் வறட்சி, நான்காம் நாளுக்குப் பின்னும் துணியில் செங்கல் நிறக் கறை, காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப் போதல், முதல் நாளிலேயே தோன்றும் அல்லது கால் வரை பரவும் மஞ்சள் நிறம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பால் போதாமையாலும் முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை கூடும். வெயிலில் காட்டுவது அதற்கு மருத்துவம் ஆகாது.

தாய்க்கு முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தாலோ அது மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வாகவோ வேறு மனநோயாகவோ இருக்கலாம். தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தால் தாயைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்நோய்களுக்கான மருந்துகளுள் பலவற்றைப் பாலூட்டும் காலத்திலும் எடுத்துக்கொள்ள முடியும்.