இலை ஊதும் மெஷின்... உஷார்!

கலிஃபோர்னியாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் வந்தவரா நீங்கள்? காலையில் காபியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் 'ர்ர்ர்...' என்று காதைத் துளைக்கும் சத்தம் கேட்டிருக்குமே! தோட்டக்காரர் முதுகில் மெஷினைச் சுமந்து, காற்றை ஊதி, உதிர்ந்த இலைகளை ஒதுக்குவார். அங்கே விளக்குமாறு வேலையைச் செய்வது அதுதான்.

பெட்ரோலில் ஓடும் இவற்றில் பல, நம்மூர் பழைய ஆட்டோ மாதிரி டூ ஸ்ட்ரோக் ரகம். பெட்ரோலும் ஆயிலும் கலந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். பெரிய மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால், புதிய கார் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓடிய அளவுக்குப் புகைமூட்ட மாசு என்கிறது அம்மாநிலக் காற்று வள வாரியம். அதை முதலில் சுவாசிப்பது யார்? சுமக்கிறவர்தானே!

அதனால்தான் 2021-ல் அங்கே சட்டம் போட்டார்கள். 2024 மாடல் முதல், புதிதாகத் தயாராகும் இலை ஊதி, புல்வெட்டி எல்லாம் புகை விடக்கூடாது. பழைய மெஷினை ஓட்டத் தடையில்லை. பேட்டரி ரகத்துக்கு மாறும் சிறு தொழில்காரர்களுக்கு உதவ 3 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

பேட்டரி வந்தாச்சே என்று அலட்சியம் வேண்டாம். புகை போகும், தூசி போகாது. ஊதுகிறவர் மூக்குக்கும் காதுக்கும் கவசம் போடட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ள பேரக்குழந்தையா? ஜன்னலைச் சாத்தி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வாசலா? மகனிடம் சொல்லுங்கள்... விளக்குமாறே போதும்!