தாயின் விடுதலைக்கு வழிவகுத்த மரபணு ஆய்வு: கால்மோடுலின் புரதத்தின் பணி என்ன?

தனது நான்கு குழந்தைகளின் மரணத்துக்குக் காரணமானவர் என 2003-ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பெண் கேத்லீன் ஃபோல்பிக், 20 ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு 2023 ஜூன் மாதம் மன்னிப்பு அளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. இதில் முக்கியப் பங்கு வகித்தது கால்மோடுலின் என்ற சிறிய புரதம் குறித்த ஆய்வு.

கால்மோடுலின் என்றால் என்ன?

உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் உள்ள இப்புரதம், ஒரே நேரத்தில் நான்கு கால்சியம் அயனிகளைப் பிணைத்துக்கொள்ளும். இதயத் தசை செல்லுக்குள் கால்சியம் நுழையும்போது தசை சுருங்குகிறது. கால்சியம் போதிய அளவை எட்டியதும், அது செல்லும் வாயில்களை உரிய நேரத்தில் மூடச் செய்வது கால்மோடுலினின் பணி. இது பிசகினால் இதயத் துடிப்பு சீர்குலைந்து திடீர் மரணம் நேரலாம்.

ஒரு பிரதி போதும்

கால்ம்1, கால்ம்2, கால்ம்3 ஆகிய மூன்று மரபணுக்கள் முறையே 14, 2, 19-ஆவது குரோமோசோம்களில் உள்ளன. மூன்றும் ஒரே புரதத்தையே உருவாக்குகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வீதம் மொத்தம் ஆறு பிரதிகள் இருந்தும், அவற்றில் ஒன்று பழுதானாலே ஆபத்து ஏற்படக்கூடும். பழுதான புரதமும் வாயில்களில் போய் அமர்ந்து, நல்ல புரதத்தின் பணியைத் தடுப்பதே காரணம்.

வழக்கில் நடந்தது என்ன?

நோய் எதிர்ப்பியல் நிபுணர் கரோலா வினுவேசா தலைமையிலான குழுவினர், ஃபோல்பிக்கிடமும் அவரது மகள்கள் சாரா, லாரா ஆகியோரிடமும் கால்ம்2 மரபணுவில் பிறழ்வு இருப்பதைக் கண்டறிந்தனர். புரதத்தின் 114-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் இருந்தது. இம்மாற்றம் கால்சியத்தைப் பிணைக்கும் திறனைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. இந்த முடிவுகள் 2020-இல் வெளியாயின. மன்னிப்பு கோரி 2021-இல் அளிக்கப்பட்ட மனுவில் நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்ன், பீட்டர் டோஹர்ட்டி உள்ளிட்டோர் கையெழுத்திட்டனர்.

மகன்கள் இருவரிடமும் இந்தப் பிறழ்வு இல்லை. எனவே நான்கு மரணங்களையும் இது விளக்கிவிடவில்லை. ஆயினும் மகள்களின் மரணத்துக்கு இயற்கையான காரணம் இருந்திருக்கலாம் என்பது, குற்றத்தீர்ப்பின் மீது நியாயமான சந்தேகத்தை எழுப்பப் போதுமானதாயிற்று.

காரணம் புலப்படாத குழந்தை மரணங்களில் பெற்றோரைச் சந்தேகிப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனையும் அவசியம் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் பாடம்.