மஞ்சளிடம் இரண்டு கேள்விகள்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று கண்டுபிடித்தவர் யார்? இப்படி ஒரு கேள்வியை உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டால் அவர் சிரித்துவிடுவார். "இதையெல்லாமா ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும்?" என்பார். ஆனால் 1995-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இந்தக் கேள்விக்கு ஒரு விடை அளித்தது. மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்களே அதைக் கண்டுபிடித்தவர்கள் என்று ஒப்புக்கொண்டு காப்புரிமை வழங்கிவிட்டது! அதன் எண் 5,401,504. அந்த ஆய்வாளர்கள் இருவருமே இந்தியாவிலிருந்து அங்கே சென்றவர்கள் என்பது இன்னும் வேடிக்கை.

காப்புரிமை என்றால் என்ன? புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலம் வரை அதைப் பயன்படுத்தும் தனி உரிமையை அரசு வழங்குகிறது. அதுவே காப்புரிமை. இதற்கு முதல் நிபந்தனை, கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பது. மஞ்சள் பூசுவது புதியதா?

இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996-இல் இதை எதிர்த்து வழக்காடியது. அப்போது அதன் தலைமை இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஆர். ஏ. மஷேல்கர். 'எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும்' என்று சொன்னால் போதாது; எழுத்துச் சான்று வேண்டும். எனவே மன்றத்தினர் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் தேடி 32 சான்றுகளைத் திரட்டினர். 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரை ஒன்றும் அவற்றில் இருந்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

இந்த வெற்றியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். "மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சிலர் பெருமையுடன் சொல்வதையும் கேட்டிருக்கலாம். சற்றுப் பொறுங்கள். அந்த வழக்கில் முடிவானது அதுவா?

இரண்டும் ஒன்றல்ல

மஞ்சளைப் பற்றி நாம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். முதல் கேள்வி: இந்தப் பழக்கம் எவ்வளவு பழமையானது? இரண்டாம் கேள்வி: இந்தப் பழக்கத்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

வழக்கில் விடை கிடைத்தது முதல் கேள்விக்குத்தான். பழக்கம் பழையது, ஆகவே கண்டுபிடிப்பு புதியதன்று என்று முடிவாயிற்று. இரண்டாம் கேள்வியை அங்கு எவரும் தீர்த்துவைக்கவில்லை. நாமோ முதல் கேள்விக்கான விடையை எடுத்து இரண்டாம் கேள்விக்கும் பொருத்திவிடுகிறோம். 'இத்தனை காலமாகச் செய்கிறார்கள் என்றால் பயன் இல்லாமலா இருக்கும்?' என்கிறோம்.

முதல் கேள்விக்கு அந்தச் செடியே ஒரு சாட்சி. மஞ்சள் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் அறிவியற்பெயர் குர்குமா லாங்கா. அது பூக்கும், ஆனால் விதை கட்டுவதில்லை. பெரும்பாலான செடிகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். மஞ்சளில் மூன்று தொகுதிகள் உள்ளன. இரண்டு சம பங்காகப் பிரிய முடியாததால் விதை உண்டாவதில்லை. கிழங்கை வெட்டி நட்டால்தான் புதுச்செடி முளைக்கும். அதாவது, ஈரோட்டு வயலில் இன்று நிற்கும் மஞ்சள், தலைமுறை தலைமுறையாக மனிதர் கைமாறி வந்த மஞ்சள். அது பழமையானது என்பதில் ஐயமில்லை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

தானே ஆறும் நோய்கள்

நம் வீடுகளில் மஞ்சளுக்கு எத்தனை வேலைகள்! பெண்கள் முகத்தில் தேய்த்துக் குளிக்கிறார்கள். சேற்றில் வேலை செய்வோர் கால் புண்ணுக்குப் பூசுகிறார்கள். சளி பிடித்தால் பாலில் மஞ்சளும் மிளகும் கலந்து கொடுக்கிறார்கள். அம்மை கண்டவர்களுக்கு வேப்பிலையுடன் அரைத்துப் பூசி நீராட்டுகிறார்கள்.

மஞ்சள் பால் குடித்தவருக்கு ஒரு வாரத்தில் சளி நின்றுவிடுகிறது. உண்மைதான். ஆனால் பால் குடிக்காதவருக்கும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறதே! சின்னம்மையும் அப்படித்தான். அது ஒரு வைரசால் வருவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானே இறங்கிவிடும். தானே ஆறும் நோயில், கடைசியாக எதைக் கொடுத்தோமோ அதற்கே பெயர் கிடைக்கிறது.

இதே மஞ்சளும் வேப்பிலையும் ஒரு காலத்தில் பெரியம்மைக்கும் பயன்பட்டன. அது தானே ஆறிவிடும் எளிய நோயன்று. பல்லாயிரவரைக் கொன்றது, பலரின் கண்ணைப் பறித்தது. அதை ஒழித்தது தடுப்பூசி. 1975-க்குப் பிறகு இந்தியாவில் எவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம், உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது. பழக்கம் இரண்டு நோய்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் முடிவு ஒன்றாக இல்லை.

ஆகவே இரண்டாம் கேள்விக்கு விடை காண ஒப்பீடு வேண்டும். ஒரே நோயுள்ளவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும், மற்றதற்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுக்க வேண்டும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது, மருத்துவருக்கும் தெரியக் கூடாது. இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தால்தான் பயன் உண்டு எனலாம்.

சோதனைக் குழாயும் உடலும்

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் கரிமச் சேர்மம். 1815-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். இதன் மூலக்கூறு அமைப்பு 1910-இல் தெரியவந்தது. வாய்பாடு C21H20O6. கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் இது சுமார் 3 சதவிகிதம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

குர்குமின் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 1949-இலேயே 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஆய்வுகள் வந்துள்ளன. வீக்கத்தைத் தணிக்கிறது, புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கிறது என்றெல்லாம் சோதனைக் குழாயில் கண்டார்கள். அப்படியானால் மனித உடலிலும் அவ்வாறே வேலை செய்யுமா?

இங்கே இரண்டு தடைகள் உள்ளன. ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் தூள் அடியில் தங்கிவிடும். அதையே சூடான எண்ணெயில் போட்டால் எண்ணெய் முழுவதும் மஞ்சளாகிவிடும். குர்குமின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நாம் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பகுதிதான் குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. இது முதல் தடை.

தாளிக்கும்போது மஞ்சளை எண்ணெயில் சேர்ப்பதும், பாலில் மிளகுடன் கலப்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் சில ஆரோக்கியமான மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைக் கொடுத்தார்கள். இரத்தத்தில் அது ஏறத்தாழத் தென்படவே இல்லை. மிளகிலுள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடல் ஏற்ற அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பாட்டி மிளகு சேர்த்தது சரிதான் போலிருக்கிறதே!

ஆனால் ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். தூளில் 3 சதவிகிதம் குர்குமின் என்றால், 2 கிராம் குர்குமினுக்கு எவ்வளவு மஞ்சள் தூள் வேண்டும்? ஏறத்தாழ 67 கிராம்! ஒரு டம்ளர் பாலில் நாம் போடுவது ஒரு சிட்டிகை. அது கால் கிராம் என்று கொண்டால் அதிலுள்ள குர்குமின் 7 அல்லது 8 மில்லிகிராம்தான். அந்த ஆய்வின் முடிவை நம் மஞ்சள் பாலுக்கு அப்படியே பொருத்த முடியாது.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. குர்குமின் தானே ஒளிரும் பொருள். மேலும் பலவகைப் புரதங்களுடன் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. சோதனைக் கருவிகள் பலவும் ஒளியின் மாற்றத்தை அளந்தே விடை தருகின்றன. எனவே மருந்தாக வேலை செய்யாதபோதும், வேலை செய்வது போன்ற தோற்றத்தைக் குர்குமின் உண்டாக்கிவிடலாம். 2017-இல் மருத்துவ வேதியியல் அறிஞர்கள் சிலர் இந்த ஆய்வுகளை மறுபரிசீலனை செய்தனர். மனிதர்களிடம் 120-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருந்தும், மேலே சொன்ன கடுமையான ஒப்பீட்டு முறையில் தெளிவான வெற்றி ஒன்றுகூட இல்லை என்று அவர்கள் எழுதினர்.

அதற்காகக் கதவை மூடிவிடத் தேவையில்லை. தாய்லாந்தில் செரிமானக் கோளாறு உள்ளவர்களிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. 206 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு நாளைக்கு 2 கிராம் மஞ்சள் கொண்ட மாத்திரைகள், வழக்கமாகத் தரப்படும் ஒமிப்ரசோல் மருந்துக்கு ஏறத்தாழ இணையான பலன் தந்தன. ஆனால் வெற்று மாத்திரை கொடுத்த குழு அதில் இல்லை. எனவே இன்னும் ஆய்வுகள் வேண்டும்.

தோலுக்கு நல்லதா?

தோலில் பூசும்போது குடல், கல்லீரல் என்ற தடைகள் இல்லை. கிருமிகளைத் தடுக்கும் இயல்பும் ஓரளவு உண்டு. ஆகவே சிறு சிராய்ப்புக்கும் கால் சேற்றுப்புண்ணுக்கும் மஞ்சள் பூசிய நம் முன்னோரின் எண்ணம் வீணானது என்று சொல்ல இயலாது. ஆயினும் சிலருக்கு மஞ்சளும் குங்குமமும் ஒவ்வாமையை உண்டாக்கும். பூசிய இடத்தில் அரிப்பும் தடிப்பும் தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆழமான காயம் என்றால் நிலைமை வேறு. மண்ணில் டெட்டனஸ் எனப்படும் இரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் உள்ளன. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். துருப்பிடித்த ஆணி குத்திய காலில் மஞ்சளை அப்பினால் அந்த வித்துகள் சாகமாட்டா. மஞ்சளே மண்ணுக்கடியில் விளைவது. அதன் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டு மருத்துவரிடம் சென்று ஊசி போட்டுக்கொள்வதே சரி. வீட்டில் யாராவது மஞ்சளை அப்ப வந்தால் இதை நீங்கள் பணிவுடன் எடுத்துச் சொல்லலாம்.

'இயற்கைப் பொருள்தானே, எவ்வளவு உண்டால் என்ன?' என்பதும் தவறு. குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. ஆனால் குர்குமினைச் செறிவூட்டி, மிளகுச் சத்தும் சேர்த்த மாத்திரைகள் இப்போது விற்பனையாகின்றன. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தனர். அவர்களுள் ஒருவர் இறந்துவிட்டார். உடலுக்குள் அதிகமாகச் செல்ல வைத்தால், நன்மையோடு தீமையும் கூடலாம் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒப்பீடு என்றால் என்ன என்பதை மஞ்சளைக் கொண்டே கற்கலாம். மஞ்சள் தூளைச் சிறிது தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு பழைய வெள்ளைத் துணியில் வட்டமாகப் பூசுங்கள். மறுநாள் துணியை அலசுங்கள். கறை நிற்கும். அதன் மேல் சோப்பு நீரைத் தடவினால் செம்பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாக இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தி நீர் சிவப்பதும் இதனால்தான்.

இப்போது கறையின் ஒரு பாதியைத் தடித்த அட்டையால் மூடித் துணியை வெயிலில் வையுங்கள். மாலையில் அட்டையை எடுத்துப் பாருங்கள். வெயில் பட்ட பாதி வெளுத்திருக்கும், மூடிய பாதி அப்படியே இருக்கும்.

அட்டை இல்லாமல் செய்திருந்தால், கறையைப் போக்கியது வெயிலா, காற்றா, அல்லது அது தானாகவே மங்கியதா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? உங்கள் நண்பர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிறகு, உங்கள் வீட்டில் வழங்கும் கைவைத்தியங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சோதிக்க 'அட்டை மூடிய பாதி' எதுவாக இருக்க வேண்டும் என்று எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.