நிலம் யார் பெயரில்?

செம்பூரிலும் மாதுங்காவிலும் வீடு வாங்கிய நம்மவர் பலர், சொசைட்டி பதிவானதும் வேலை முடிந்தது என்றிருக்கிறார்கள். நிலம் பில்டர் பெயரிலேயே இருக்கலாம். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது, கூடுதல் எஃப்.எஸ்.ஐ.க்கு அவர் உரிமை கோருவார்.

1963-ஆம் ஆண்டு மகாராஷ்டிர 'மோஃபா' சட்டத்தின் கீழ், ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லையெனில், சொசைட்டி பதிவான 4 மாதத்துக்குள் பில்டர் நிலத்தை எழுதித்தர வேண்டும். தராவிட்டால், 2008-ஆம் ஆண்டுத் திருத்தப்படி கூட்டுறவுத் துறை மாவட்டத் துணைப் பதிவாளரிடம் மனுச் செய்து 'டீம்டு கன்வேயன்ஸ்' பெறலாம். பில்டர் கையெழுத்து தேவையில்லை.

சான்றிதழ் கிடைத்ததும், முத்திரைத் தீர்வையை நிர்ணயித்துப் பத்திரத்தைப் பதிய வேண்டும். அத்தோடு நின்றுவிடாதீர்கள். சிட்டி சர்வே அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பிராப்பர்ட்டி கார்டில் சொசைட்டி பெயரை ஏற்றுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் செயலாளரிடம் கேளுங்கள்: "கார்டில் யார் பெயர்?"