கூலிப்படைக்குச் சம்பளம் எங்கே? - ஒரு கேம் ஃபைலும், கார்த்தேஜைக் கவிழ்க்கப் பார்த்த பாக்கியும்!

கணினி விளையாட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் கூலிப்படை வந்து நிற்கும். நிஜ வரலாற்றில் அது அவ்வளவு சுலபமாக இருந்ததா?

'கூலிப்படை' என்ற சொல்லை இன்று செய்தியில் பார்த்தால் நம் நினைவுக்கு வருவது அரிவாளும் பைக்கும்தான். ஆனால், 2,200 ஆண்டுகளுக்கு முன்பு மத்தியதரைக்கடல் நாடுகளில் அது ஊரறிந்த தொழில். கிரீட் தீவுக்காரர்கள் என்றால் வில். நுமிடியாக்காரர்கள் என்றால் குதிரை. ஸ்பெயினுக்கு அருகில் உள்ள பலேயாரிக் தீவுக்காரர்கள் என்றால் கவண். எந்த ராஜ்ஜியம் சம்பளம் கொடுக்கிறதோ, அதற்காகப் போய்ச் சண்டை போடுவார்கள்.

இந்த உலகத்தை நம் திரைக்குக் கொண்டுவந்த விளையாட்டுகளில் முக்கியமானது 'ரோம்: டோட்டல் வார்'. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2004-ல் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது. 2018-ல் ஸ்மார்ட்போனுக்கும் வந்துவிட்டது. நகரங்களைப் பிடிப்பது, வரி போடுவது, படை திரட்டுவது என எல்லாம் நம் கையில். ஊருக்கு வெளியே படையோடு போகும் தளபதி, அந்த வட்டாரத்தில் கிடைக்கும் கூலிப்படையைக் காசு கொடுத்து அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

விளையாடுவதோடு நிற்காமல், விளையாட்டின் ஃபைல்களைத் திறந்து மாற்றி எழுதும் ரசிகர்களும் இருக்கிறார்கள். அந்த மாற்றத்துக்குப் பெயர்தான் 'மாட்'. இது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கும் வேலை. 'யூரோப்பா பார்பரோரம்' என்ற புகழ்பெற்ற மாட், கி.மு. 272-ல் தொடங்கும் ஒரு முழு உலகத்தையே வரலாற்றுக்கு நெருக்கமாக மறுபடி கட்டியது. இப்படிப்பட்ட மாட்களில் புதிய கூலிப்படைகளைச் சேர்ப்பது எப்படி? அதில் வரலாறு எங்கே வருகிறது?

நோட்பேடில் ஒரு படை

ஆச்சர்யம் என்னவென்றால், இதற்குப் பெரிய புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. கூலிப்படைகளுக்கென்று தனியாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. நோட்பேடில் திறந்தாலே போதும். வரைபடத்தின் மாகாணங்கள் அதில் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் கீழே அங்கு கிடைக்கும் படைகள், ஒரு படைக்கு ஒரு வரி.

அந்த ஒரு வரியில் சில எண்கள். படையின் அனுபவம் எவ்வளவு? கூலி எவ்வளவு? ஆட்டம் தொடங்கும்போது எத்தனை படைகள் தயாராக இருக்கும்? அதிகபட்சம் எத்தனை? ஒன்றை எடுத்துக்கொண்டால் அடுத்தது எவ்வளவு வேகத்தில் வரும்?

கடைசி எண்தான் சூட்சுமம். ஒரு சுற்றுக்கு 0.05 என்று வைத்தால், ஒரு முழுப்படை மறுபடி சேர ஏறக்குறைய 20 சுற்றுகள் ஆகும். இந்த விளையாட்டில் ஒரு சுற்று என்பது அரை வருடம். அதாவது, போன படைக்குப் பதில் புதுப்படை வரப் 10 வருடம்! அதையே 0.5 என்று வைத்தால், வருடத்துக்கு ஒரு படை கடையில் வாங்குவதுபோலக் கிடைக்கும். இந்தப் படைகள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை என்பதால், நீங்கள் முந்தினால் எதிரிக்கு இல்லை. அவர் முந்தினால் உங்களுக்கு இல்லை.

ஏற்கெனவே இருக்கும் படை என்றால் இந்த ஒரு வரியோடு முடிந்தது. புத்தம்புதிய படை என்றால் வேலை கூடும். படைகளின் பட்டியல் ஃபைலில் ஆயுதம், கவசம், மன உறுதி, ஒவ்வொரு சுற்றுக்குமான பராமரிப்புச் செலவு எல்லாம் எழுத வேண்டும். பெயரும் விளக்கமும் இன்னொரு ஃபைலில். படத்துக்குத் தனி ஃபோல்டர். ஒரு ஃபைலில் எழுதிய பெயரும் இன்னொன்றில் எழுதிய பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் ஆட்டம் திறக்காமல் முரண்டு பிடிக்கும். போதாக்குறைக்கு, மொத்தம் 500 வகைப் படைகளுக்குத்தான் இடம். பெரிய மாட்களில் ஒரு படை உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொன்றை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

கவண்காரர்களுக்கு எத்தனை மார்க்?

பலேயாரிக் கவண்காரர்களையே எடுத்துக்கொள்வோம். கவணில் குறி தவறாதவர்கள் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. தூரத்தில் வைத்த ரொட்டியைக் கல்லால் அடித்தால்தான் அம்மா சாப்பிடக் கொடுப்பாராம்! மூன்று கவண்கள் வைத்திருப்பார்கள் என்கிறார் டியோடோரஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். கார்த்தேஜ் கொடுத்த சம்பளத்தை அவர்கள் ஊருக்குக் கொண்டுபோவதில்லை, மதுவிலும் கேளிக்கையிலும் செலவழித்துவிடுவார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் எண்ணாக மாற்றுவதுதான் மாட் செய்பவரின் வேலை. சிறுவயதுப் பயிற்சி என்பதால் அனுபவத்தில் ஒரு புள்ளி கூட்டலாம். சின்னத் தீவுகள் என்பதால் எண்ணிக்கையைக் குறைவாக வைக்க வேண்டும். கவசம் கிடையாது. கூலி? அங்கேதான் சிக்கல். ஏனென்றால், இந்த ஃபைலில் இருப்பது சேர்க்கும்போது கொடுக்கும் தொகை மட்டும். பேசிய சம்பளம் பாக்கியானால் என்ன ஆகும் என்று எழுத அதில் இடமே இல்லை.

ஒரு சாம்ராஜ்ஜியத்தின் சம்பள பாக்கி

வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜுக்கும் ரோமுக்கும் கி.மு. 264-ல் தொடங்கிய போர் 23 ஆண்டுகள் நீண்டது. கி.மு. 241-ல் கார்த்தேஜ் தோற்றது. ரோமுக்கு 3,200 டாலண்ட் வெள்ளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். கஜானா காலி. அந்த நேரத்தில் சிசிலியில் சண்டையிட்ட சுமார் 20,000 கூலி வீரர்கள் சம்பளத்துக்காகத் திரும்பி வந்தார்கள்.

சிசிலியில் இருந்த தளபதி கிஸ்கோ புத்திசாலி. எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், சிறு சிறு குழுக்களாகக் கப்பலேற்றினார். ஒரு குழுவுக்குக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிய பிறகு அடுத்த குழு வரட்டும் என்பது அவர் திட்டம். கார்த்தேஜ் தலைவர்களோ எல்லோரும் வந்து சேரட்டும், பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். கடைசியில், 'நிலைமை சரியில்லை, பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுங்கள்' என்று கேட்டார் ஹன்னோ என்ற தளபதி.

ஸ்பெயின், கால், லிபியா, பலேயாரிக் எனப் பல ஊர்க்காரர்கள், பல மொழிகள். கோபம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. கார்த்தேஜ் பயந்துபோய்ப் பணம் தர ஒப்புக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. ஸ்பெண்டியஸ், மாத்தோஸ் என்ற இருவரின் தலைமையில் கலகம் வெடித்தது. வரிச்சுமையில் நொந்திருந்த லிபிய மக்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று ஆண்டுகள் நான்கு மாதங்கள் நடந்த இந்தப் போரின் கொடூரத்தை பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஹமில்கார் பார்கா ஒருவழியாக அடக்கினார். ஆனால், அந்தக் குழப்பத்தில் சார்டினியா தீவை ரோம் எடுத்துக்கொண்டது. மிச்சம் பிடிக்க நினைத்த சம்பளத்துக்குக் கொடுத்த விலை ஒரு தீவு!

விளையாட்டில் இது வருமா?

'ரோம்: டோட்டல் வார்' கி.மு. 270-ல் தொடங்குகிறது. கார்த்தேஜாக ஆடுபவர் ஏறக்குறைய 60-வது சுற்றில் இந்தக் கட்டத்தைத் தொட வேண்டும். ஆனால், கஜானா மைனஸில் போனாலும் கூலிப்படை முகம் சுளிக்காது. புதிதாக ஆள் எடுக்க முடியாது, அவ்வளவுதான். வரலாற்றில் கார்த்தேஜை நடுங்கவைத்த ஆபத்து, விளையாட்டில் வெறும் சிவப்பு எண்.

இதற்கும் வழியிருக்கிறது. இதே வரிசையில் 2006-ல் வந்த 'மெடீவல் 2' விளையாட்டில், குறிப்பிட்ட நிலைமை வந்தால் குறிப்பிட்ட சம்பவம் நடக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம். 'யூரோப்பா பார்பரோரம்' மாட்டின் இரண்டாம் பதிப்பும் இந்த விளையாட்டின் மீதுதான் கட்டப்பட்டது. ஒரு நாட்டின் கஜானா பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், தலைநகருக்கு அருகில் கலகப்படை ஒன்று தோன்றட்டும் என்று சில வரிகளில் எழுதிவிடலாம். அதே கவண்காரர்கள், இப்போது எதிர்ப்பக்கம்!

பள்ளிப் புத்தகத்தைவிட விளையாட்டில் வரலாறு படிக்கும் தலைமுறை இது. மலிவான கூலி, உடனே வரும் ஆள், பாக்கி வைத்தாலும் கேள்வி இல்லை என்று ஒரு விளையாட்டு பழக்கினால், அது பாதி வரலாறுதான். வேலை வாங்கியவர் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்ற மீதிப் பாதியை எழுத, மாட் செய்பவருக்கு ஒரு நோட்பேடும் கொஞ்சம் வாசிப்பும் போதும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப்பட்ட விளையாட்டில் மூழ்கியிருந்தால், 'கஜானா காலியானால் உன் படை என்ன செய்யும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குக் கார்த்தேஜின் கதையைச் சொல்லுங்கள்!