மாணாக்கர் அமர்ந்த மந்திரிசபை

மத்திய ஆபிரிக்காவின் பெருநாடாகிய கொங்கோ, 1960ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி பெல்ஜியத்தின் பிடியினின்றும் விடுபட்டது. இலங்கையைப்போல் ஏறக்குறைய முப்பத்தைந்து மடங்கு பரப்புடைய அந்நாட்டில், சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற உள்நாட்டார் அன்று ஏறத்தாழ இருபதின்மரே என்பர். இராணுவத்திலோ கொங்கோ நாட்டவரான அதிகாரி ஒருவர்தானும் இலர்.

பெல்ஜியப் பாராளுமன்றம் ஆக்கி வழங்கிய தற்காலிக யாப்பு, அந்நாட்டு முடியாட்சியின் சாயலிலேயே வார்க்கப்பட்டிருந்தது. மன்னர் இருந்த இடத்தில் ஜனாதிபதி. ஆட்சிப் பொறுப்போ பிரதம மந்திரியிடம். மந்திரியை நீக்கும் அதிகாரம் மன்னருக்கு ஏட்டில் உண்டு; அதனை அவர் தம் விருப்பின்படி பயன்படுத்துவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். ஏடு கொங்கோவுக்குக் கப்பலேறிற்று, வழக்கம் ஏறவில்லை.

ஜனாதிபதியானவர் குருமடத்திற் பயின்ற யோசப் கசவுபு. பிரதம மந்திரி, தபாற் கந்தோரில் எழுதுவினைஞராயிருந்த பத்திரிசு லுமும்பா. 137 இடங்கொண்ட கீழ்ச் சபையில் லுமும்பாவின் கட்சிக்கு மூன்றில் ஒரு பங்கும் கிடைக்காமையால், பல கட்சிகளைக் கூட்டியே அவர் மந்திரிசபை அமைத்தார். ஒரு வாரங்கூடச் செல்லுமுன் படை கலகஞ் செய்தது. யூலை 11இல் செப்புச் சுரங்கங்கள் நிறைந்த கட்டங்கா மாகாணம் பிரிந்துபோயிற்று.

செப்டெம்பர் 5ஆந் திகதி இரவு நிகழ்ந்தது விந்தையிலும் விந்தை. லுமும்பாவை நீக்கிவிட்டதாகக் கசவுபு வானொலியில் அறிவித்தார். சிறிது நேரத்துள் அதே வானொலியில், கசவுபுவை நீக்கிவிட்டதாக லுமும்பா அறிவித்தார்! கீழ்ச் சபை இரு நீக்கங்களையும் செல்லாவெனத் தள்ளியது. செனற் சபையும் லுமும்பாவின் பக்கமே சாய்ந்தது. பாராளுமன்றத்தின் சொல்லைக் கேட்பார்தாம் இல்லை. லுமும்பாவே படையில் உயர்பதவி அளித்திருந்த மொபுட்டு, இருபத்தொன்பது வயதினர், செப்டெம்பர் 14இல் அரசியல்வாதிகள் அனைவரையும் ஒதுக்கிவைப்பதாகக் கூறி அதிகாரத்தைக் கைக்கொண்டார்.

மந்திரிகள் அகன்ற ஆசனங்களில் அவர் அமர்த்தியது யாரை? பட்டதாரிகளையும் மாணாக்கரையும்! 'ஆணையாளர் சபை' எனப் பெயர்பெற்ற அக்குழுவுக்கு யுஸ்டின் பொம்பொக்கோ தலைவரானார். லோவேனியம் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்றுகொண்டிருந்த எத்தியன் சிசெக்கெடி நீதித்துறையின் துணை ஆணையாளர். 2019 சனவரியில் அந்நாட்டின் ஜனாதிபதியாகப் பதவியேற்ற பெலிக்ஸ் சிசெக்கெடி இவருடைய மைந்தரே.

கற்றோர் ஆளுதல் நன்றன்றோ என மாணவ வாசகர் வினவக்கூடும். நன்றே, ஆயின் அவர்களை மக்கள் தெரிந்தனுப்பவில்லை. பதவியைத் தந்தது படை. அதனை எடுக்க வல்லதும் படையே. அலுவலகங்களிலோ பெல்ஜிய ஆலோசகர் மீண்டும் வந்தமர்ந்தனர். இளைஞர் பலர் நல்லெண்ணத்துடனேயே சென்றிருப்பர். எனினும், சிறைப்பட்ட லுமும்பாவை 1961 சனவரி 17இல் அவர்தம் பகைவர் ஆண்ட கட்டங்காவுக்குக் கொண்டுசென்ற விமானத்தில், காவலாகச் சென்றவர்களுள் ஆணையாளர் இருவரும் இருந்தனர். அன்றிரவே லுமும்பா கொல்லப்பட்டார். ஏட்டுக் கல்வியை எவ்வளவு போற்றினும், இதனை மறைத்து அவ்விளைஞரைப் புகழ எமக்கு மனமில்லை.

மறுமாதமே ஆணையாளர் சபை கலைந்தது. பாராளுமன்றத்தைக் கூட்டவேண்டுமென 1961 பெப்ரவரி 21இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை வற்புறுத்தியது. அப்பிரேரணையைக் கொணர்ந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அவ்வாறே யூலையிற் பாராளுமன்றம் கூடியது. கூடிய இடம் லோவேனியம் சர்வகலாசாலை. அங்கே ஐக்கிய நாடுகள் படை சூழ்ந்து காவல் நிற்க, உறுப்பினர்கள் மாணாக்கர் விடுதிகளிற் தங்கி வாதிட்டு, ஓகத்து 2ஆந் திகதி சிறில் அடூலாவின் மந்திரிசபையைத் தெரிந்தெடுத்தனர்.